இருக்கை எண்ணிக்கை: 2

காவேரிப்பட்டணத்து சவுண்ட் சர்வீஸ் மாதேசு
எட்டாயிரத்துக்குக் கொடுத்த யெஸ்டி.
மயானக் கொள்ளைக்கும் மஞ்சள் நீராட்டுக்கும்
குழாய் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் சுமந்து
பின்சட்டம் இடப்பக்கம் ஒரு விரல் சாய்ந்திருந்தது.
"ஓட்டுனா தெரியாதுங்க" என்றார்.
ஓட்டினால்தானே.
டாடா ஏஸில் ஏற்றிக் கிருஷ்ணகிரி கொண்டுவந்தேன்.

டேங்குக்குள் துரு.
கம்பெனியில் பொறுக்கிய கிரானைட் சில்லு இரண்டு கைப்பிடி,
சோப்புத்தூள், வெந்நீர்.
வேலை முடிந்து வந்து மடியில் வைத்து உலுக்கினேன்.
கீழ்வீட்டில் ஏறிவந்து கேட்டார்கள், என்ன சத்தம் என்று.
மூன்றாம் நாள் வடிந்தது டீ மாதிரி,
ஐந்தாம் நாள் தண்ணீர் மாதிரி.

முனிரத்தினத்துக்கு போனில் படம் காட்டினேன்.
பெரிதாக்கிப் பார்த்தான், சின்னதாக்கிப் பார்த்தான்.
"மட்கார்டு இல்ல, கேரியர் இல்ல, சேலை கார்டு இல்ல.
காசு குடுத்து வண்டியைக் குறைக்கறீங்க."
ஆமாம் என்றேன்.

ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு
ஃபோர்க்கின் கழுத்துக்குக் கீழே இரண்டு கட்டைக் கொம்பு.
உட்கார்ந்து குனிந்து பார்த்தேன்.
முப்பத்தொன்பது வயது முதுகு
மிக நிதானமாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னது.
ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால் தள்ள முடியவில்லை:
யெஸ்டிக்கு உதைக்கிற கம்பியும்
கியர் போடுகிற கம்பியும் ஒன்றே.
ஆகவே இடுப்புக்கு மேலே பந்தயம்,
இடுப்புக்குக் கீழே சந்தைக்குப் போகிற வண்டி.
இருக்கட்டும்.

சட்டத்தில் சாக்கட்டிக் கோட்டை நான்தான் போட்டேன்,
ஷாக் அப்சார்பர் நட்டுக்கு நாலு விரல் தள்ளி.
கிரைண்டரைக் கையில் வைத்துக்கொண்டு
மூன்று தடவை கேட்டான் முனிரத்தினம்:
"பின்னாடி யாரும் உக்கார வேண்டாமா?"
முதல் தடவை அது தொழில் கேள்வி.
இரண்டாம் தடவை என் கழுத்தைப் பார்த்துக் கேட்டான்.
மூன்றாம் தடவை விரல் ஸ்விட்சில் இருந்தது.
வெட்டு.

பதினோரு வருஷம்
ஒரு முதுகுக்குப் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போனவள் நான்.
இந்த ஊர் எனக்கு இடப்பக்கம் மட்டும்தான் தெரியும்.
இடப்பக்கத்து மெடிக்கல், இடப்பக்கத்து நகைக்கடை,
இடப்பக்கத்தில் வந்து நின்று
கையை விட்டுவிட்டுப் போன கல்யாண மண்டபம்.

பெயின்ட் கடைக்கு பாரடைசோ கல்லின்
சாம்பிள் துண்டைக் கைப்பையில் கொண்டுபோனேன்.
கடைப்பையன் ஊதாவை ஊற்றினான், பழுப்பை ஊற்றினான்,
"கல்லுல இருக்கறது ஒரு கலர் இல்லக்கா,
நாப்பது இருக்கு" என்று கையைத் துடைத்தான்.
முப்பத்தொன்பதை விட்டுவிட்டு ஒன்றை வாங்கிவந்தேன்.
தேய்க்க எனக்குத் தெரியும்.
நானூறு, எண்ணூறு, ஆயிரத்து ஐநூறு, தண்ணீர்,
கடைசியாக என் பழைய காட்டன் துப்பட்டா.
டேங்கில் டியூப்லைட் தெரிந்தது,
பக்கத்தில் சற்றே நீண்ட மூக்கோடு நான்.

ஞாயிறு, விடியாத ஐந்தே கால்.
அணைக்குப் போகிற ரோட்டில் கைகாட்டி நிறுத்தினார் காவலர்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஆர்.சி. படித்தார்.
வெளிச்சம் தாளிலிருந்து சீட்டுக்கு, சீட்டிலிருந்து தாளுக்கு.
"ரெண்டு சீட்டுன்னு போட்டிருக்கே.
இன்னொண்ணு எங்கம்மா?"

வீட்டில் இருக்கிறது சார்.
வெட்டிய வளைவுக் குழாய், பழைய பச்சைப் பெயின்ட்டோடு,
சமையலறைக் கதவு காற்றில் அடிக்காமல்
முட்டுக் கொடுத்துக்கொண்டு.

சொல்லவில்லை.
அபராதச் சீட்டை மடித்து உள்ளே வைத்தேன்.
கம்பியை அழுத்தி, மேலே திருப்பி, ஓர் உதை.
இரண்டு.
மூன்றாவதற்கு அவரும் சேர்ந்து எண்ணினார்.
நான்காவதில் வண்டி, பழைய தொழிலை மறக்காமல்,
மைக் டெஸ்ட் பண்ணுவதுபோல் இரண்டு தடவை இருமிவிட்டு
பேசத் தொடங்கியது.

வலப்பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனி.
வாசனை மட்டும் தெரியும் எனக்கு.
வாசல் நீல கேட்.