கட்டைவிரல் எழுத்து

காற்றில் ஏ பி சி எழுதுங்கள், பாக்சிக்,
கட்டைவிரல்தான் பென்சில் என்கிறாள்
சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரியில்
பிசியோ ஹஸ்லினா.

அவையெல்லாம் கோடுகள்.
கணுக்கால் சுலபமாக ஏமாற்றிவிடும்.
நான் அ போட்டேன்.
முதல் சுழியிலேயே உயிர் போனது.
உயிரெழுத்து என்று
சும்மாவா சொன்னார்கள்.

இ வளைந்து இறங்கும்போது
கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.
அது என்ன எழுத்து?
இ.
அழகாக இருக்கிறது. இன்னும் பத்து முறை.

எக்ஸ்ரேயில் மூன்று திருகாணி,
மேலே ஒன்று, கீழே இரண்டு.
எஸ்டேட் முச்சந்தியில், மழையில்,
விளக்கில்லாமல் ஒரு ஹைலக்ஸ் வந்தபோது
என் பழைய புரோட்டோனின் பிரேக்கை
மிதித்த கால்.
இன்னும் எடுக்கவில்லை போலும்.
தூக்கத்தில் மிதிக்கிறது.
கட்டில் நிற்பதில்லை,
சாவித்திரி மட்டும் எழுந்துகொள்கிறாள்.

செம்பனை லாரியின் சாவி
ஆணியில் தொங்குகிறது.
எப்போது ஓட்டலாம் என்றேன்.
முதலில் ஒற்றைக்காலில் நில்லுங்கள் என்றாள்.
நின்றேன்.
மலாயில் ஏழு வரை எண்ணினாள்.
எட்டு அவள் தோளில் விழுந்தது.

இன்றைக்கு ஓ வரை வந்தாயிற்று.
நாளைக்கு ஔ.
அதற்கடுத்த எழுத்து
ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.