கல்லா

தெற்கு மாசி வீதியில்
மூன்று மாடித் துணிக்கடை.
கீழ்த்தளத்தில், கல்லாவில் நான்.
ஆடித் தள்ளுபடி ஞாயிறு என்றால்
என் விரல் வழியே ஏழு லட்சம் போகும்.
கள்ள நோட்டைத் தடவியே பிடித்துவிடுவேன்.
"லதா எண்ணினா மெசின் எண்ணின மாதிரி"
என்பார் முதலாளி.

என் சம்பளம் பதினோராயிரத்து இருநூறு.
அதை நான் எண்ணியதில்லை.

ஒன்றாம் தேதி பத்து இருபதுக்கு
அவர் போனில் ஒரு சத்தம்.
ஏடிஎம் அட்டை அவர் பர்சில்.
நான்கு இலக்கம் எங்கள் கல்யாண நாள்,
அவரே வைத்தது.

காலையில் கேட்க வேண்டும்.
கேட்டால், "எதுக்கு?"
சொன்னால், "போன வாரம்தானே?"
நாப்கினுக்குக் கேட்டபோது ஒருமுறை
என் நாட்களை அவர் விரல்விட்டு எண்ணினார்.
முன்பெல்லாம் பஸ்ஸுக்கு இருபது ரூபாய் தருவார்,
வில்லாபுரத்திலிருந்து பெரியார் நிலையம், போகவர.
பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று அரசாங்கம் சொன்னது.
பஸ்ஸே சிரித்தது.
மறுநாள் அந்த இருபதும் நின்றது.

அடித்ததில்லை.
சொல்லிவிடுகிறேன், எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான்.
குடிப்பதில்லை. தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறார்.
"சோலைராஜ் தங்கமான மனுசன்" என்பாள் அண்ணி.
தங்கம் சிம்மக்கல் அடகுக்கடையில் இருக்கிறது.
பதினாறு பவுன்.
அவர் தம்பியின் மினிவேனுக்கென்று
மூன்று தாளில் கையெழுத்துப் போட்டேன்.
வட்டி கட்டுகிறோமா என்று கேட்டதற்கு
இரண்டு நாள் பேசவில்லை.
இரண்டாம் நாள் சாயங்காலம் நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.
எதற்கென்று இன்றுவரை தெரியாது.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்.
கூட்டமில்லாத மதியம், ஒரு பெண்.
பில் தொள்ளாயிரத்து நாற்பது.
கண்ணாடித் தடுப்பின் ஓட்டைக்குக் குனிந்து,
"அக்கா, ஆயிரத்து இருநூறுன்னு போட்டுத் தருவீங்களா?"
வாசலில் பைக்கில் உட்கார்ந்திருந்த ஆளை
அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்க்காத விதத்திலேயே தெரிந்தது.
"கம்ப்யூட்டர் விடாதும்மா."
"சரிக்கா."
மீதிச் சில்லறையை எண்ணினாள், மறுபடி எண்ணினாள்,
வாத்தியாரிடம் காட்டப்போகும் நோட்டுப் போல
பில்லை முன்னால் பிடித்துக்கொண்டு போனாள்.

திருட்டு என்று யாராவது சொல்லலாம்.
திருடிகளைப் பார்த்திருக்கிறேன்,
மூன்றாம் மாடியில் பட்டை மடியில் சுருட்டுவார்கள்.
அவர்கள் கண் இப்படி இருக்காது.
இது தன் வீட்டிலேயே ஒளிந்து சாப்பிடுகிறவளின் கண்.
எனக்குத் தெரியும்.
தையல் கூலி நூற்றிருபதை
நூற்றைம்பது என்று நானும் ஒருமுறை சொன்னேன்.
அந்த முப்பதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
மல்லிகை வாங்கி,
தெரு முனையில் கீரைக்காரி தலையில் வைத்துவிட்டு
வெறுந்தலையோடு வீடு போனேன்.

போனஸைக் கவரில் தருவார்கள், கையில்.
எவ்வளவு என்றார்.
"நாலாயிரம்."
ஐந்து.
ஒன்பது வருடத்தில்
நான் எண்ணிய என் முதல் ஆயிரம்.

தபால் ஆபீசில் பாரம் கொடுத்தார்கள்.
தொழில்: காசாளர்.
"நாமினி யாரும்மா, வீட்டுக்காரரா?"
பின்னால் நின்றவர் இருமினார்.
மகள் பெயரை எழுதினேன்.
"செல் நம்பர்?"
என் சிம் அவர் பெயரில்.
பக்கத்து கவுன்டர் ரெஜினாவின் எண்ணைச் சொன்னேன்,
முந்தைய நாளே கேட்டு வைத்திருந்தது.

பாஸ்புக் வீட்டுக்குப் போகவில்லை.
கல்லாவின் கீழ்த்தட்டில்,
கிழிந்த நோட்டுக் கட்டுக்கு அடியில் கிடக்கிறது.
அங்கே முதலாளிகூடக் கைவைப்பதில்லை.

எடுத்த துணியை ஏழு நாளில் மாற்றிக்கொள்ளலாம்.
அவள் வரவில்லை.
ஏழு நாள் தாண்டி எத்தனையோ ஆயிற்று,
வாசலில் பைக் நின்றால் நிமிர்ந்து பார்க்கிறேன்.
ஒரு பில் தாளின் பின்பக்கம் தயாராக இருக்கிறது:
தபால் ஆபீஸ். ஐந்நூறு போதும். ஆதார் நகல், இரண்டு போட்டோ.
மெசின் அடித்த எழுத்து
மூன்று மாதத்தில் வெளுத்துவிடும்.
பேனாவால் எழுதியிருக்கிறேன்.