ஒரு பயணத்துக்கு ஒரு கணக்கு

சியாத்துராவில் பள்ளிக்கூடம் கீழே,
எங்கள் வீடு மேலே.
நடுவில் நான்,
ரோப் காரின் கதவைத் திறந்து மூடும் வேலையில்.

மூன்று மணிக்கு நுக்ரி ஏறுவான்.
ஷூவில் சேறு, கன்னத்துக்குள் சூரியகாந்தி விதை,
பாதி கடித்த ஆப்பிளோடு ஒட்டிக்கொண்ட
கணக்கு நோட்டு.
எனக்கு வேலை முடிய ஏழாகும்.
அதுவரை எங்கள் படிப்பு மேசை
பள்ளத்தாக்கின்மேல் தொங்கிக்கொண்டிருக்கும்.

போன இலையுதிர் காலம்வரை
நான்தான் போட்டுக்கொடுத்தேன். மறைக்க என்ன இருக்கிறது?
களைத்துப்போனவளுக்குச்
சொல்லித்தருவதைவிடச் செய்துதருவது சுலபம்.
அவித்த முட்டைபோல் ஒவ்வொரு விடையையும் உரித்து
அவன் பக்கம் நகர்த்தினேன்.
வீட்டுப்பாடத்தில் பத்துக்குப் பத்து.
தேர்வில் மூன்று.
லமாரா டீச்சர் நோட்டின் ஓரத்தில் எழுதியிருந்தார்:
"எத்தேரி, உங்கள் கணக்கு நன்றாக வருகிறது.
மகனை எப்போது அனுப்புவீர்கள்?"

சிரித்துவிட்டேன்.
அடுத்த நிலையத்தில் கதவை மூடும்போது
கட்டைவிரலை நசுக்கிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து சட்டம்:
ஒரு பயணத்துக்கு ஒரு கணக்கு.
வண்டி நழுவும்போது பென்சில் எழ வேண்டும்,
மேலே போய் இடிக்கும்போது வைத்துவிட வேண்டும்,
முடிந்தாலும் முடியாவிட்டாலும்.
மிச்சம், இறங்கும் வழியில்.
என் கைபேசி டிக்கெட் பெட்டிக்குள். அதுவும் சட்டம்,
அவன் போட்டது.

அவனைக்கூடப் பழக்கிவிட்டேன்.
பயணிகளைத்தான் முடியவில்லை.
சுரங்கத்துக்கு இரவு வேலைக்குப் போகும் ஷால்வா
அவன் தோளுக்குமேல் எட்டிப்பார்த்து "எழுபத்திரண்டு" என்பார்.
கூடையில் கோழியோடு ஏறும் மார்கோ
"கண்ணு தெரியலையா, அறுபத்தெட்டு" என்பாள்.
மேலே போய்ச் சேரும்வரை சண்டை.
கோழி யார் பக்கமும் சேராது.
கடைசியில் ஓர் அட்டையில் எழுதி மாட்டினேன்:
புகைபிடிக்காதீர். விடை சொல்லாதீர்.

அந்த அட்டை எனக்கும்தான்.
நாக்கை மடித்துப் பல்லுக்குள் வைத்துக்கொண்டு
பிள்ளை தப்பாக எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது,
நாள் முழுக்க நின்ற காலைவிட
அதுதான் வலித்தது.

எங்கள் மொழியில் தொண்ணூற்று மூன்றை
"நான்கு இருபதும் பதின்மூன்றும்" என்றுதான் சொல்வோம்.
சொல்லச்சொல்ல எழுதுகிறவன்
எண்பதை எழுதி, பக்கத்திலேயே பதின்மூன்றையும் எழுதி
எட்டாயிரத்தைத் தாண்டிவிடுவான்.
"சரிதானே?" என்று முகத்தைப் பார்ப்பான்.
நான் மலையைப் பார்ப்பேன்.

ஒருநாள் விதைகளைப் பெஞ்சில் அடுக்கினான்.
இருபது இருபதாக நான்கு வரிசை,
தனியாகப் பதின்மூன்று.
தூணைத் தாண்டும்போது வண்டி குலுங்கி
எல்லாம் கலைந்தன.
திட்டிக்கொண்டே மறுபடி பொறுக்கினான்,
இம்முறை, ஏனோ, பத்துப் பத்தாக.
ஒன்பது வரிசை. கையில் மூன்று.
வெகுநேரம் அதையே பார்த்தான்.
பிறகு அந்த மூன்றையும் வாயில் போட்டுக்கொண்டு
"இப்போ தொண்ணூறு" என்றான்.

அடுத்த தேர்வில் ஆறு.
லமாரா டீச்சர் ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை.
அந்த வெறும் ஓரத்தை
இரண்டு முறை படித்தேன்.

நேற்று மின்சாரம் போய்
பாதி வழியில் நின்றுவிட்டோம்.
கீழே ஆறு தெரியாத பனிமூட்டம், நாங்கள் இருவர் மட்டும்.
"வண்டி ஓடலை. அப்ப கணக்கு கிடையாது."
நியாயம்தான். தலையாட்டினேன்.
பத்து நிமிடம் ஜன்னலில் மூச்சுவிட்டுப் படம் வரைந்தான்.
பையைத் திறக்கும் சத்தம் கேட்டது.
நான் திரும்பவில்லை.
பென்சிலைச் சீவுகிறானா,
ஆப்பிளைக் கடிக்கிறானா,
இருட்டில் இரண்டும் ஒரே சத்தம்.