கீழறை

எங்கள் வீட்டுக்குக் கீழே இன்னொரு வீடு இருக்கிறது,
பாதி.
ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது.
பின்பக்கம் செம்பனைச் சரிவில் இறங்கிப் பார்த்தால்
பூச்சில்லாத செங்கல்,
எதையோ பிடிக்க நீண்டு
அப்படியே துருப்பிடித்துப்போன கம்பிகள்.
ஒரு பக்கச் சுவருக்குப் பின்னால்
மலை முதுகு சாய்த்திருக்கிறது.

அடுத்த தீபாவளிக்குள் பூசிவிடலாம் என்றார் குணாளன்,
ஐந்து தீபாவளிக்கு முன்.
அவர் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறார்.

அதற்குள் என் மணவறைகள் அங்கே குடியேறிவிட்டன.
சிலிம் ரிவரில் யாருக்குக் கல்யாணம் என்றாலும்
இந்தத் தூண்கள்தாம், இந்த மயில்கள்தாம்,
இந்த மெரூன் வெல்வெட் நாற்காலிகள்தாம்.
போன மாதம்
தாலி கட்டி எழுந்த மாப்பிள்ளையின் வேட்டியில்
பச்சையாய் ஒரு வட்டம்.
பெண் வீட்டார் கவனிக்கவில்லை.
வீடியோக்காரர் கவனித்தார்.
இருநூறு வெள்ளி குறைத்துக்கொண்டேன்.

கரி கட்டித் தொங்கவிட்டேன்.
சட்டியில் கல்லுப்பு வைத்தேன்.
இரண்டு வெள்ளிக் கடையின் ஈரம் குடிக்கும் டப்பாக்கள்
மூன்றே நாளில்
வயிறு நிறைந்து சாய்ந்து உட்கார்ந்தன
பந்தி முடிந்த மாமாக்கள் மாதிரி.
ஈரமானி தொண்ணூற்றொன்று காட்டியது.
பள்ளிக்கூடத்தில் நான் வாங்காத மார்க்கு.

ஆ ஹெங் கடையில் இரண்டு விதம் இருந்தன.
ஒன்று எடையில்லாதது, சத்தம் போடாதது,
விலையும் குறைவு.
கை வைத்தேன்.
"அது பனி ஊருக்கு," என்றார் தோட்டத்துத் தமிழில்.
"சூடா ஊதும். உன் ரூம் ஏற்கெனவே இட்லிச் சட்டி."
மற்றது கம்ப்ரஸர் வைத்தது,
ஐஸ் பெட்டிக்குத் தம்பி, முனகும்.
நாளைக்கு ஐம்பது லிட்டர் என்றது அட்டை.
"அட்டை சொல்றது அட்டையோட ரூமுக்கு.
ஈரம் குறையக் குறைய இதுவும் குறைச்சுத்தான் குடிக்கும்."

பணத்தை எடுத்தேன்.
அப்போதுதான் கேட்டார்:
தண்ணி எங்கேர்ந்து வருது,
காத்திலேர்ந்தா, செவுத்திலேர்ந்தா?

எனக்குத் தெரியவில்லை.
ஐந்து வருடம் அதன் தலைமேல் தூங்கியிருக்கிறேன்.

"பிளாஸ்டிக் ஒட்டிப் பாரு. ரெண்டு நாள். அப்புறம் வா."
விற்க வேண்டியவர்
விற்காமல் அனுப்பினார்.

மேசை விரிப்பை இரண்டாய் வெட்டி
நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன்.
மூன்றாம் நாள்,
பக்கச் சுவரில் துளிகள் பிளாஸ்டிக்கின் மேலே.
மலைச் சுவரில்
உள்ளே.

"பெரிசாவே வாங்கேன்," என்றார் குணாளன்.
போனில் காற்று இரைந்தது.
அவர் நாற்பதாவது மாடி உயரத்தில்,
நான் தரைக்குக் கீழே.
"எவ்வளவு பெரிசு வாங்கினாலும்
மலையைக் குடிச்சு முடிக்காதுங்க," என்றேன்.
கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது.

ரஃபீக் இரண்டு நாள் வெயிலில்
சுவருக்குப் பின்னால் வாய்க்கால் வெட்டினார்.
ஜன்னல் வர வேண்டிய ஓட்டைகளைப்
பலகையடித்து மூடினார்.
மலைச் சுவருக்குத் தார் மாதிரி ஒன்று, இரண்டு பூச்சு.
மீந்த காசுக்கு
முப்பது லிட்டர்.

குழாய் மாட்டினால் தானே வெளியே ஓடிவிடும்.
முதல் இரவு வேண்டாம், தொட்டியிலேயே சேரட்டும் என்றேன்.
எனக்குப் பார்க்க வேண்டும்.

விடியற்காலை மூன்று மணிக்கு அது கத்தியது.
டார்ச்சோடு இறங்கும்போது
நைட் ஷிப்ட் முடிந்து அவர் அழைத்தார்.
"யார் சத்தம் அது? யார் இருக்கா அங்கே?"
"ஆறு லிட்டர்," என்றேன்.

அத்தனை தெளிவான தண்ணீர்.
குடிக்கக் கூடாதாம்.
கொட்ட மனம் வராமல்
மயிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே
ஏந்திக்கொண்டு நின்றேன்.
ஈரமானியில் எழுபத்து நான்கு.

இப்போ மணல் ஒரு லோரி என்ன விலை
என்று கேட்டார்.
விடியட்டும், விசாரிக்கிறேன் என்று சொல்லித்
தொட்டியைத் திரும்பச் செருகினேன்.
முனகத் தொடங்கியது.