சைக்கிள் ஷெட்டில் ஒரு பச்சை

பெயர் எழுத வேண்டாம் என்று
மூன்று முறை சொன்னேன்.
நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, வெண்ணாற்றங்கரைப் பள்ளி,
எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
ஒரு மின்விசிறி ஓடுகிறது, இன்னொன்று
ஓடப்போவதாக முனகிக்கொண்டிருக்கிறது.

கேள்வி பதினான்கு:
கடந்த முப்பது நாட்களில் உன்னை யாரேனும்
பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களா?
ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும்.
மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு கை:
"மிஸ், நாலஞ்சு பேரு இருந்தா
எந்தப் பேருக்கு டிக் அடிக்கிறது?"
வகுப்பு சிரித்தது.
அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.
அந்தத் தாமதத்தைக் குறிக்க
படிவத்தில் கட்டம் இல்லை.

பிறகு பள்ளியின் வரைபடம்.
பயமாக இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி,
பிடித்த இடத்தில் பச்சை.
நூற்றுப் பன்னிரண்டு தாள்களை அன்றிரவு
மன்னார்குடி லாட்ஜ் கட்டிலில் பரப்பி எண்ணினேன்.
சைக்கிள் ஷெட்டில் சிவப்பு நாற்பத்தொன்று.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருபத்தாறு.
பிரேயர் மைக்கின் மேல் ஒன்று.
இன்னொரு தாளில், பள்ளிச் சுவருக்கு வெளியே
ஒரு வாய்க்காலும் மதகும் தானே வரைந்து
மதகின் மேல் ஒரே ஒரு சிவப்பு,
பேனா முனை மறுபக்கம் தெரியும்படி.
காலனிக்குப் போகும் பாதை அது
என்று வாட்ச்மேன் சொன்னார். மேலே சொல்லவில்லை.

தலைமையாசிரியருக்கு இதில் சம்மதமில்லை.
"தங்கமான புள்ளைங்க மேடம். வெளையாட்டுதான்."
அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே
மாவட்ட ஆபீசிலிருந்து போன் வந்தது.
எழுந்து நின்று கேட்டார். வைத்தார்.
கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டு இரைந்தார்.
கணக்கு வாத்தியார் பத்தாம் வகுப்புக்குப் போனார்.
பகல் சாப்பாட்டு மணி அடித்தபோது
ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் தட்டு
சாம்பாரோடு சாக்கடையில் கிடந்தது.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
கடைமடை வந்து சேர எத்தனை நாள்,
எத்தனை சாலை மறியல்.
இதற்கு இரண்டு பீரியட் போதும்.
மதகு எதுவும் பழுதில்லை.

அறிக்கை எண்பது பக்கம்.
செய்தது ஒன்றுதான்:
நாலேகால் மணிக்கு ஒரு பெரிய ஆள் ஷெட்டில் நிற்பது.
பி.டி. வாத்தியார் தைனீஸ் நின்றார்.
பிரம்பு கூடாது என்றதில் அவருக்கு வருத்தம்;
கையை என்ன செய்வதென்று தெரியாமல்
டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டார்.
பெயர்களைக் கற்றுக்கொண்டார், உண்மையான பெயர்களை.
"மோனிஷா, செயின் கழண்டிருக்கு பாரு."

தை கடைசியில், அறுப்பு மிஷின்கள்
சாலையை அடைத்துக்கொண்டிருந்த வாரத்தில்,
திரும்பப் போய் அதே தாள்களைக் கொடுத்தேன்.
ஷெட்டில் நாற்பத்தொன்று ஏழாகியிருந்தது.
மதகின் மேல் ஒன்று பதினொன்றாகியிருந்தது.
திருச்சியிலிருந்து பேராசிரியர் சொன்னார்:
"சுருக்கத்துல ஷெட்டை மட்டும் போடும்மா."
இரண்டையும் போட்டேன்.
இன்னும் பதில் வரவில்லை.

ஆனால் இங்கே எழுத வந்தது வேறு.
முதல் கட்டில், அந்த நாற்பத்தொரு சிவப்புக்கு நடுவே
ஷெட்டில் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது.
நன்றாக உருட்டி, நிதானமாக வைத்த பச்சை.
அந்தத் தாளில் வேறெங்கும் எதுவுமில்லை,
வகுப்பறையில் இல்லை, மைதானத்தில் இல்லை.
யாருடையது என்று தேடக் கூடாது. விதி.
தேடாமலே தெரிந்தது.
பெயர் எழுத வேண்டாம் என்ற பிறகும்
பதினேழு பேர் எழுதியிருந்த அதே பெயர்தான்.

தை மாதத் தாள்களில் அவனுடையதும் இருந்திருக்கும்.
ஒன்றில் புள்ளியே இல்லை.
பச்சை ஸ்கெட்ச்சைத் திறந்து
வைக்க இடம் தேடி
அங்கங்கே முனை லேசாகத் தொட்டுத் தொட்டு
எடுத்த தடம் மட்டும்.

அதைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.
எந்த அட்டவணையிலும் சேர்க்கவில்லை.
ஷெட்டில் நின்றது சரிதான்.
நாளையும் தைனீஸ் அங்கே நிற்க வேண்டும்.
அவனுக்கு ஒரு பச்சையை எங்கே வைப்பது என்றுதான்
வெண்ணாற்றுப் பாலத்தில் பஸ் நிற்கும்போதெல்லாம்
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.