நீல டேப்

குவைத்திலிருந்து வந்த பெட்டியில்
பால்பவுடர், தைலம், புலிப்படம் போட்ட போர்வை,
எல்லாவற்றுக்கும் அடியில்
பதினோரு சுருள் நீல டேப்.
எதுக்கு இத்தனை என்றேன்.
ஜன்னலுக்கு என்றான் இஸ்ரவேல்.

ஒன்பது வருஷம் ஏசிக் குழாய்களுக்குள்
தவழ்ந்து தவழ்ந்து துடைத்தவன்.
ஃபில்டரைத் தட்டிப் பார்த்தே
புழுதி எந்தத் திக்கிலிருந்து வந்ததென்று சொல்வானாம்,
மஞ்சளென்றால் ஒன்று, செங்கல் நிறமென்றால் வேறொன்று.
பகல் இரண்டு மணிக்கு லைட் போட்டுக்கொண்டு
கதவிடுக்கில் ஈரத்துண்டு திணித்து
பதினான்கு பேர் ஓரறையில்
மூச்சை எண்ணி விட்டிருக்கிறார்கள்.
அப்போதெல்லாம் போனில்
"இங்க கொஞ்சம் காத்து" என்பான், அவ்வளவுதான்.

அரவேணுவில் தூசி என்றால்
பிப்ரவரியில் லாரி போனால் எழுவது.
மற்ற நாளெல்லாம் காற்று
தேயிலைமேல் புரண்டு
நனைந்த நாய் மாதிரிதான் வீட்டுக்குள் வரும்.
சொன்னால் கேட்டால்தானே.
வந்த மூன்றாம் நாளே
ஏழு ஜன்னலுக்கும் நாலு விளிம்பும் ஒட்டியாகிவிட்டது.
பாத்ரூம் வென்டிலேட்டருக்கு அட்டை.
சாவித்துவாரத்துக்குப் பஞ்சு.
டிவிமேல் விரலை இழுத்து
பாஸானவன் மாதிரிக் காட்டினான்:
பார், சுத்தம்.

ஐப்பசி மழை.
நாலு பேர் மூச்சும்
குக்கர் ஆவியும்
காயாத யூனிஃபார்மின் ஈரமும்
போக வழியில்லாமல் கண்ணாடியில் வழிந்தன.
பீரோவை நகர்த்திப் பார்த்தேன்.
சுவரில் கடுகு சிந்தினாற்போல் பூஞ்சை.
அடுத்த வாரம் மிளகு.
அதற்கடுத்த வாரம் தோசைக்கல்.
என் கல்யாணச் செருப்புக்குப் பச்சை ரோமம் முளைத்தது,
வேதப்புத்தகத்தின் தோலட்டைக்கும்.
ராத்திரியெல்லாம் எப்சிபா நெஞ்சில் விசில்.

"எங்கியோ ஓட்டை இருக்கு" என்று
இன்னொரு சுற்று ஒட்டினான்.

மார்கழியில்
புல் வெளுத்துப்போகிற குளிர்.
இரும்புச்சட்டியில் கரிக் கணப்பு மூட்டி
கட்டிலோரம் வைத்துவிட்டுத் தூங்கிப்போனோம்.
தலைக்குள் யாரோ பலகை அறுத்தார்கள், விழித்தேன்.
எழுந்தால் கால் என்னுடையதாக இல்லை.
பெரியவன் உதைத்தபிறகு முனகினான்.
எப்சிபாவைக் கூப்பிட்டேன்,
ம் கொட்டவில்லை.
டேப்பை உரிக்க நகம் போதவில்லை.
இஸ்திரிப்பெட்டியால் அடித்தேன்.

மலை மொத்தமும் உள்ளே வந்தது.

பிள்ளை வாந்தியெடுத்தாள்.
அப்புறம் அழுதாள்.
அப்படியே அழு என்றேன், நிறுத்தாதே என்றேன்.
சட்டியை வாசலில் கவிழ்த்தபோது
பனிப்புல் சீறியது.
இஸ்ரவேல் கண்ணாடிச் சில்லு நடுவே உட்கார்ந்து
வாயால் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தான்.
சாத்தியதால் அங்கே பிழைத்தவனிடம்
திற என்று எந்த வார்த்தையில் சொல்வது?

கோத்தகிரி ஆஸ்பத்திரியில்
"கணப்பா?" என்றுதான் முதலில் கேட்டார் டாக்டரம்மா.
மூக்கில் குழாயோடு இருந்த மகளிடம்
அவன் ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை.

இரண்டு நாள் பிடித்தது உரிக்க.
பெயின்ட்டும் கூடவே வந்துவிட்டது,
சட்டங்களெல்லாம் சொறி பிடித்தாற்போல நிற்கின்றன.
வினிகர் ஊற்றிச் சுவர் தேய்த்தான்.
மெத்தையை வெயில் வந்த மணியெல்லாம் புரட்டினான்.
வென்டிலேட்டரில் மட்டும்
விரற்கடை அகலத்தில் டேப்பைக் கிழித்து
ஒரு முனையைத் தொங்கவிட்டிருக்கிறான்.
காற்று ஓடுகிறதா என்று பார்க்க
குழாய் வாயில் இப்படித்தான் கட்டுவார்களாம்.

ராத்திரி எனக்கு இப்போதும் விழிப்பு வருகிறது.
தெருவிளக்கில் அந்த நீல நாக்கு
ஆடினால் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.
சிலநாள் அவனும் விழித்திருப்பான்.
"ஓடுது" என்பான், என்னிடமா, தனக்கா.

பீரோவை இன்னும் சுவரோரம் தள்ளவில்லை.
ஒரு சாண் விட்டிருக்கிறோம்.
அங்கே பக்கத்து வீட்டுப் பூனை படுக்கிறது,
அதற்கு யாரும் ஜன்னல் திறந்துவிடவேண்டியதில்லை.