பதினான்காம் தடம்

கிளி என்று பெயர்; கிளி இல்லை.
பச்சையும் கிடையாது, வளைந்த மூக்கும் கிடையாது.
சாம்பல் நீலத்தில் ஒரு பிடி,
வயிற்றில் வெள்ளை,
கண்ணுக்கு மேல் சுண்ணாம்பு விரலால் இழுத்தாற்போல் ஒரு கோடு.
சோலைக்கிளி.
கூக்கால் ஏரிக்கு மேற்கே
தரைக்கும் நம் இடுப்புக்கும் நடுவிலேயே
முழு வாழ்வையும் முடித்துக்கொள்கிற பறவை.

என் வேலை அதனிடம் பொய் சொல்வது.

புகையிலைத் தூள் அப்பிய அட்டைக் காலுறையும்
பாலிதீன் சுற்றிய ஒலிபெருக்கியுமாக
ஐந்தே முக்காலுக்குச் சோலைக்குள் இறங்குவோம்.
பெட்டியைப் பாசிக்கட்டையில் வைத்துவிட்டு
மரியபுஷ்பம் பதினைந்து அடி எண்ணிப் பின்வாங்குவாள்.
அறுபது நொடிக்கு
ஓர் அந்நிய ஆணின் குரலை ஓடவிடுவேன்.

வீட்டுக்காரன் வருவான்.
வந்தே தீருவான்.
வாலை விசிறி, புருவ வெள்ளையைப் புடைத்து,
பெட்டியின் தலைமேலேயே ஏறி நின்று
"எவன்டா அது, வெளிய வா" என்பான்.
இது மரியபுஷ்பத்தின் மொழிபெயர்ப்பு.
நான் எழுதுவது:
நெருங்கிய தூரம் பூஜ்யம். வால் வீச்சு பதினொன்று.

பெண் வராது.
ஏதோ புதரில் இருந்து
யார் குரல் நீளம், யார் வெள்ளை அகலம் என்று
கணக்குப் பார்க்கும் என நம்புகிறோம்.
நம்பிக்கைக்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

ஏப்ரல் இருபத்திரண்டு.
மூடுபனி. விரல் விறைத்துப்போய்
பதினேழுக்குப் பதில் பதினான்கை அழுத்திவிட்டேன்.

பதினான்கு என்றால் மஞ்சள்-நீலம்.
மூன்று வருடத்துக்கு முன்
இதே சரிவில் நான் கால்வளையம் மாட்டிய ஆண்.
அந்தச் சித்திரையில் ஒருநாள்
நாற்பது நிமிடம் விடாமல் பாடியதில்
ஒரு நிமிடம் என்னிடம் இருக்கிறது.
போன தையில் அதன் வளையங்களை
மரநாய் எச்சத்தில் கண்டெடுத்தோம்.
கழுவி, சின்ன உறையில் போட்டு, தேதி எழுதினேன்.

நிறுத்தக் கை போவதற்குள்
பச்சை-பச்சை வந்துவிட்டான், இப்போதைய வீட்டுக்காரன்,
வழக்கமான கோபத்தோடு.
அவனுக்குப் பின்னால்
அவளும் வந்தாள்.

வலது காலில் ஆரஞ்சு. சந்தேகமே இல்லை.
மஞ்சள்-நீலத்தோடு இரண்டு சித்திரை கூடு வைத்தவள்.
இப்போது பச்சை-பச்சையின் பொந்துக்கு
அலகு கொள்ளாமல் பாசி.
பெட்டிக்கு நான்கடி தள்ளி, வெறும் தரையில்.
வால் விரியவில்லை. புருவம் எழவில்லை.
தலை சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தாள்.
மறுபக்கம் சாய்த்து
மற்றக் கண்ணால்.

அறுபது நொடியும் ஓடியது.
நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

குரல் ஓய்ந்ததும்
பச்சை-பச்சை ஜெயித்தவனாகப் பாடினான்,
தோற்றவன் இல்லாத பாட்டு.
அவள் நின்ற இடத்திலேயே
பாசியை நழுவவிட்டாள்.
அல்லது, பாசி நழுவியது.
இரண்டில் எந்த வினை என்று தெரியாமல்
பேனா நோட்டில் ஒரு புள்ளி வைத்து
அங்கேயே மை கசிந்துகொண்டிருந்தது.

மரியபுஷ்பம் மொழிபெயர்க்கவில்லை.
"பெட்டிய எடுக்கவாக்கா? மழ வருது."

ஜீப்பில், பூம்பாறைத் திருப்பத்தில்,
பூண்டு மூட்டைகளுக்கு நடுவிலிருந்து கேட்டாள்:
"அதுக்கு ஆளைத் தெரிஞ்சிருக்குமா,
இல்ல, சும்மா சத்தமேதுன்னு பாத்துச்சா?"
ஒருமுறை நடந்தது எங்கள் தொழிலில் நடக்காததுதான் என்றேன்.
பத்துமுறை நடக்க வேண்டும்.
"அப்ப இன்னும் ஒம்பது தடவ போட்டுப் பாப்பீங்களா?"

வைப்பர் ஒரு பக்கம் மட்டும் ஓடியது.
நான் கண்ணாடியைத் துடைத்தேன், உள்பக்கம்.

மே மூன்று: மண்சரிவுப் பொந்தில் இரண்டு முட்டை.
பச்சை-பச்சை புழுவோடு வந்துபோகிறான்.
பதினான்காம் தடத்தை அழிக்கவில்லை;
விறைத்த விரலுக்கு எட்டாத கோப்பு ஒன்றுக்குள்
மாற்றிவைத்திருக்கிறேன்.

அந்தப் பாசியை
மறுநாளே போய்த் தேடினோம், இரண்டு பேரும்,
எதற்கென்று சொல்லிக்கொள்ளாமல்.
சோலை முழுக்கப் பாசி.